கயிலைக்கு நடந்த முதியவர்: அப்பரை மறுபடி வாசித்தல்

2018ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாள், கதிர்காமத்துக்கு நடந்து போகப்போவதாக என் அம்மம்மா சொன்னார். அப்போது அவருக்கு 69 வயது. சீனி வருத்தம் இருந்தது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, அதிகம் நடக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைகிறது. குமணவையும் யாலவையும் கடந்தால் கதிர்காமம். தீவின் வட முனையில் தொடங்கித் தென் முனையில் முடியும் நடை. ஒன்றரை மாதமளவில் ஆகும்.

வீட்டில் எல்லோரும் மறித்தோம். அவர் சண்டை பிடிக்கவில்லை. அப்பர் கிழட்டு வயதில் கயிலைக்கே நடந்தவர் என்று மட்டும் சொன்னார். நான் விடவில்லை. அப்பர் போய்ச் சேரவில்லையே, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்தானே என்று கேட்டேன். சைவநெறிப் பாடத்தில் படித்ததில் எனக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது. அம்மம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையை அடுக்கத் தொடங்கினார்.

அவர் ஏன் நடக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகன், என் மாமா, 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ஒன்பது வருடங்களாகக் கடிதம், முறைப்பாடு, ஆணைக்குழு, சாட்சியம் என்று அலைந்தவர் இப்போது நடக்கப் போகிறார். அதை மறிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த இரவில்தான் அப்பரின் கதையை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

சுவரில் இருந்த அப்பர்

எங்கள் ஊர்க் கோயில்களின் சுவரில் நால்வரையும் வரிசையாகத் தீட்டியிருப்பார்கள். அப்பரை அடையாளம் காண்பது எளிது. மழித்த தலை, உருத்திராக்கம், கூப்பிய கை, தோளில் சாய்ந்திருக்கும் உழவாரம். கோயில் வீதியில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் திருவிழாவுக்கு முன் ஊர் கூடிக் கோயிலைத் துப்புரவாக்கினால் அதற்கு உழவாரப்பணி என்றுதான் பெயர். ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனநடையில் எழுதி 1852இல் அச்சிட்ட பிறகு, அப்பரின் கதை எங்கள் வீடுகளில் வாசித்துக் கேட்கும் கதையாகவும் ஆகியது. அவ்வளவு பழகியதாலேயே நாங்கள் அதை நிறுத்தி வாசிப்பதில்லை.

ஊடகக் கல்வி படித்த பழக்கத்தில் முதலில் நான் மூலங்களைத்தான் தேடினேன். அப்பர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவரது வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணமோ 12ஆம் நூற்றாண்டில், சோழ அரசில் உயர்பதவி வகித்த சேக்கிழார் பாடியது. இடைவெளி ஏறத்தாழ 500 ஆண்டுகள். அப்பரின் சொந்தக் குரல் தேவாரத்தின் 4, 5, 6ஆம் திருமுறைகளில் இருக்கிறது. 3,000க்கும் மேற்பட்ட பாடல்கள். தான் சமணத்தில் இருந்த காலத்தையும் வயிற்றை முறுக்கிய நோவையும் அவரே பாடியிருக்கிறார். மற்றவை பெரும்பாலும் சேக்கிழார் சொன்ன கதை. இனி வருவதையும் அந்தக் கவனத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

யுத்தம் புகுந்த வீடு

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர். இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கு அருகில் இருக்கிறது. வேளாளர் குடியில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதி. பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம்பிக்கு மருணீக்கியார் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அப்பர் ஆனவர் இவர்தான்.

திலகவதிக்குப் பன்னிரண்டு வயதானபோது கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசினார்கள். திருமணம் நடக்கவில்லை. அரசன் அவரை வடக்கே போருக்கு அனுப்பிவிட்டான். அவர் களத்தில் இருந்த காலத்தில் இங்கே புகழனார் நோயில் இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் துறந்தார். இரண்டு பிள்ளைகளும் அழுது முடிப்பதற்குள் கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வந்தது.

இந்த இடத்தை நான் பாடசாலையில் படித்திருக்கிறேன். ஆனால் நாயனார் கதைக்கு ஒரு முன்னுரை போலத்தான் அது மனதில் நின்றது. இப்போது வாசித்தபோது இந்த வீட்டை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது. செட்டிகுளத்து முகாமில் எங்கள் கூடாரத்துக்கு இரண்டு வரிசை தள்ளி இப்படியொரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். பெற்றோர் இல்லை. அக்காவுக்கு நிச்சயித்திருந்தவரும் இல்லை. தண்ணீர் வண்டி வரும்போது அந்த அக்கா வரிசையில் நிற்பார், தம்பி வாளியைக் காத்துக்கொண்டு இருப்பான்.

திலகவதியும் சாகத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து அழுதான். அக்காவும் போனால் தனக்கு யாரும் இல்லை, அக்காவுக்கு முன்னே தான் போய்விடுவேன் என்றான். அந்தச் சிறுவன் வாழ வேண்டும் என்பதற்காகத் திலகவதி உயிரோடிருக்கச் சம்மதித்தார். மணம் செய்யவில்லை, பொன்னணியவில்லை. தம்பியை வளர்த்தார். அப்பர் என்ற மனிதர் இந்த முடிவிலிருந்துதான் உருவாகிறார். சைவ உலகம் அவரைத் தந்தை என்று அழைப்பதற்கு வெகு காலம் முன்பே, அக்கா ஒருத்தி அவருக்குத் தாயாகியிருந்தார்.

போனவர் திரும்பி வந்தது

வளர்ந்த மருணீக்கியார் இருந்த பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் செலவழித்தார். இத்தனை சாவைப் பார்த்த இளைஞனுக்கு உலகம் நிலையாதது என்பதை யாரும் போதிக்கத் தேவையில்லை. விடை தேடிப் பாடலிபுத்திரம் போனார். அது இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர். அங்கே சமணப் பள்ளியில் சேர்ந்து கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைவர்களில் ஒருவரானார்.

தனித்துப்போன அக்கா திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து சேர்ந்தார். விடியுமுன் கோயிலைக் கூட்டுவது, சாணத்தால் மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது. தம்பியை மீட்டுத் தரும்படி கேட்பது. எத்தனை வருடம் கேட்டார் என்பதைக் கதை எண்ணவில்லை. பிறகு தம்பிக்குச் சூலை நோய் வந்தது. சமணப் பள்ளியின் வைத்தியமும் மந்திரமும் பலிக்கவில்லை. தன் சமையற்காரரை அக்காவிடம் அனுப்பினார். அந்த இடத்துக்குத் தான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லியனுப்பினார். அந்த இரவிலேயே பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, நோவோடு நடந்து அதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். அவர் எதையும் விசாரிக்கவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அங்கே பாடிய முதற்பதிகத்தோடு நோ நீங்கியது. நாவுக்கரசர் என்ற பெயரும் அங்கேதான் வந்தது.

இதற்குப் பிறகுதான் பாடநூல்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது. மதம் மாறியவரைப் பல்லவ மன்னன் பிடித்துவரச் செய்தான். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், நஞ்சிட்ட பாற்சோறு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் எறிதல். கல்லே தெப்பமாக அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில். பின்னர் அந்த மன்னனே சைவனானான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்ற பட்டம் கொண்ட முதலாம் மகேந்திரவர்மன்தான் அவன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொன்றையும் சேக்கிழார் சொல்கிறார். மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான். புராணம் இதை மகிழ்ச்சியோடு சொல்கிறது. வழிபாட்டிடங்கள் இடிபடுவதையும் ஓர் இரவில் இன்னொன்று முளைப்பதையும் கண்ட எங்களால் இந்த வரியை அப்படிக் கடக்க முடியாது. சமணர்கள் தமிழுக்குச் சிலப்பதிகாரத்தையும் சீவக சிந்தாமணியையும் தந்தவர்கள். தமிழ்ச் சமணர்கள் இன்றும் வடதமிழ்நாட்டு ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஓர் அப்பர் கதை இருந்தால் அது வேறுமாதிரி இருந்திருக்கும். அப்பரை நேசிப்பவர்கள் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடை

அதற்குப் பிறகு அப்பர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெண்ணாகடம், தில்லை, சீர்காழி, ஆரூர், புகலூர், வீழிமிழலை என்று நடந்துகொண்டே இருந்தார். சீர்காழியில் சிறுவனான சம்பந்தர் அப்பர் என்று அழைத்தார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பந்தர் முத்துச் சிவிகையில் போவார், அப்பர் கால்நடை. வீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கோயிற் பீடத்தில் கிடைத்தது. சம்பந்தரின் காசை மாற்றப் போனால் வட்டம் பிடித்தார்கள். அப்பரின் காசு குறைவின்றி மாறியது. கையால் வேலை செய்பவரின் காசு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

இந்த நடையில் அவர் எங்களுக்கு மிக அருகில் வந்த இடம் ஒன்று உண்டு. திருமறைக்காடு, இன்றைய வேதாரணியம். பருத்தித்துறைக்கு நேர் எதிர்க்கரை. யுத்த காலத்தில் எங்கள் ஊர்களிலிருந்து எத்தனையோ படகுகள் இரவில் அந்தத் திசைக்குப் போயின. அந்தக் கோயிலில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் பாடினார். ஒரு பதிகம் முழுக்கப் பாடிய பிறகே கதவு திறந்தது. மூடும்படி சம்பந்தர் பாடியபோது முதற் பாட்டிலேயே மூடிக்கொண்டது. தனக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம் என்று அப்பர் அன்றிரவு வருந்தியதாகக் கதை சொல்கிறது. விண்ணப்பங்களோடு கதவுகளின் முன் நின்ற யாருக்கும் அந்த வருத்தம் புரியும்.

அங்கேதான் பாண்டிமாதேவியின் ஆட்கள் வந்து சம்பந்தரை மதுரைக்கு அழைத்தார்கள். அப்பர் தடுத்தார். அதிகாரத்தோடு சேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் அவர். ஒரு பிள்ளையை அந்த ஆபத்துக்குள் அனுப்ப அந்தக் கிழவருக்கு மனம் வரவில்லை. பிள்ளை கேட்கவில்லை, போய்விட்டது.

பிறகு தனியாக நடந்தார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியும் தாகமும் வாட்ட, சோர்ந்தும் நடையை விடாமல் வந்துகொண்டிருந்தார். வழியில் ஓர் அந்தணர் பொதிசோறோடு காத்திருந்து, உண்ணக் கொடுத்து, குளத்து நீரைக் காட்டி, பைஞ்ஞீலி வரை கூட நடந்து வந்து மறைந்துபோனார். வந்தது இறைவன் என்பது கதை. கதிர்காமப் பாதையில் நடந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. மோரோடும் சோற்றுப் பொதியோடும் தெருவோரத்தில் காத்து நிற்பவர்களை அவர்கள் ஊருக்கு ஊர் கண்டிருக்கிறார்கள்.

கயிலை

அண்ணாமலை, காஞ்சி என்று வடக்கே ஏறிய அப்பர் திருக்காளத்தியை அடைந்தார். காளத்தி மலையைத் தென்கயிலை என்பார்கள். தென்கயிலையைக் கண்டவருக்கு வடகயிலையைக் காணவேண்டும் என்ற ஆசை பிறந்தது. இன்றைய வரைபடத்தில் காளத்தி ஆந்திரத்தில் இருக்கிறது. கயிலை மலை திபெத்தில், 6,638 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. நேர்கோடு இழுத்துப் பார்த்தாலே சுமார் 1,900 கிலோமீற்றர். பாதை நேர்கோடாகப் போவதில்லை.

திருப்பருப்பதம் என்ற ஸ்ரீசைலத்தை வணங்கி, தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், நடுநாடுகள் என்று கடந்து காசிக்கு வந்தார் என்று சேக்கிழார் வழி சொல்கிறார். காசி வரை அடியார்கள் கூட வந்தார்கள். அங்கே அவர்களை நிறுத்திவிட்டுத் தனியே புறப்பட்டார். மனிதர் நடமாட்டம் இல்லாத காடு. முதலில் கிழங்கும் இலையும் உண்டார். பிறகு அதையும் விட்டார். இரவு, பகல் என்று பார்க்காமல் நடந்தார்.

இதற்குப் பிறகு சேக்கிழார் எழுதியதை நான் பல தடவை வாசித்துவிட்டேன். புராணத்தில் இப்படி ஓர் உடம்பை நான் எதிர்பார்க்கவில்லை. பாதங்கள் கணுக்கால் வரை தேய்ந்தன. நடக்க முடியாமல் போனபோது கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகள் மணிக்கட்டு வரை கரைந்தன. மார்பை நிலத்தில் தேய்த்து நகர்ந்தார். மார்புத் தசை கிழிந்து எலும்பு முறிந்தது. பிறகு உருண்டார். உருளவும் முடியாதபோது அப்படியே கிடந்தார். ஒவ்வோர் உறுப்பாக எழுதிக்கொண்டு போகிறார் சேக்கிழார். அதை வாசிக்கும்போது எனக்குப் புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்காலுக்குத் தவழ்ந்து போனவர்கள் நினைவில் வந்தார்கள். அவர்கள் நேர்ந்துகொண்டு போனவர்கள் அல்லர், உயிரைக் காக்கப் போனவர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு எந்த வரிசையில் தோற்கும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

விழுந்து கிடந்தவர் முன் ஒரு தவமுனிவர் வந்தார். அருகில் ஒரு குளமும் இருந்தது. உறுப்பெல்லாம் தேய்ந்து இந்தக் காட்டில் எதற்காகக் கிடக்கிறீர் என்று கேட்டார். கயிலைக்குப் போவதாகச் சொன்னதும், அது மனிதர் போகும் இடமில்லை, தேவருக்கும் எளிதில்லை, திரும்பிப் போவதே நல்லது என்று பரிவோடு புத்தி சொன்னார். சாகப் போகும் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, காணவந்ததைக் காணாமல் திரும்ப மாட்டேன் என்று அப்பர் மறுத்தார். எழுந்து உட்காரக்கூட முடியாத ஒருவர் சொன்ன பதில் இது.

முனிவர் மறைந்தார். எழுந்திரு என்று வானில் ஒரு குரல் கேட்டது. தேய்ந்த உடம்பு முழுதாகியது. அப்போதும் அப்பர் தன் கேள்வியை விடவில்லை, கயிலையைக் காட்டும்படி கேட்டார். இந்தக் குளத்தில் மூழ்கு, திருவையாற்றில் காண்பாய் என்று பதில் வந்தது.

சோடி சோடியாக

மூழ்கியவர் எழுந்தது காவிரிக் கரையில், திருவையாற்றுக் கோயிற் குளத்தில். அதாவது தான் பலமுறை நடந்து திரிந்த சோழ நாட்டில். கரையேறிப் பார்த்தபோது உயிர்கள் இணை இணையாகத் தெரிந்தன. பிடியோடு களிறு, பேடையோடு சேவல், குயில், அன்னம், மயில், அன்றில், பன்றி, மான், நாரை, கிளி, பசுவோடு ஏறு. ஒவ்வொரு சோடியிலும் சத்தியும் சிவமும் தெரிந்தார்கள். கண்டறியாததைக் கண்டேன் என்ற பொருளில் அவர் பாடிய பதிகம் இன்றும் ஓதப்படுகிறது. பாட்டுக்கு ஒரு சோடியாக அவை வருகின்றன.

இந்த இடத்தில்தான் எனக்குத் திலகவதி நினைவுக்கு வந்தார். இந்தக் கதை யுத்தம் பிரித்த ஒரு சோடியோடு தொடங்கியது. சேர்ந்து வாழவே தொடங்காத சோடி. கணவனுக்குப் பின் உயிர் தரிக்காத தாய், மணம் செய்யாமலே தனித்த அக்கா, தனியாகவே வாழ்ந்த தம்பி. அந்த வீட்டுப் பிள்ளை கடைசியில் கண்ட கயிலையில் பனிமலை இல்லை. பிரியாமல் சேர்ந்து மேயும் மானும் கூடிப் பறக்கும் கிளியும் இருந்தன. சேக்கிழார் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை. இது என் வாசிப்புத்தான். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு வளர்ந்த யாரும் இதை இப்படித்தான் வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் மறுக்கப்பட்டது பெரிய அதிசயம் எதுவும் இல்லை. எல்லோரும் ஒரு வீட்டில் கூடி இருக்கும் சாதாரண ஒரு பொழுதுதான்.

அம்மம்மாவிடம் நான் சொன்னது தவறு என்பதும் அப்போது விளங்கியது. அப்பரைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்ப மாட்டேன் என்று கிடந்தவருக்குத்தான் அந்தப் பதில் கிடைத்தது. முனிவரின் புத்தியைக் கேட்டுக் காசிக்குத் திரும்பியிருந்தால் திருவையாற்றிலும் அவருக்கு வெறும் கிளிகள்தான் தெரிந்திருக்கும்.

உழவாரம்

அதோடு அப்பரின் நடை முடியவில்லை. திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கினார். மதுரையிலிருந்து சம்பந்தர் உயிரோடு திரும்பி வருகிறார் என்று கேட்டதும், எதிர்கொள்ளப் போய்க் கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கும் தெரியாமல் அவருடைய சிவிகையைத் தோளில் சுமந்து வந்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது கீழேயிருந்து பதில் வந்தது. பிள்ளை பதறிக் குதித்து இறங்கி வணங்கியது. போகவேண்டாம் என்று தடுத்த பிள்ளை திரும்பி வந்ததைச் சுமந்து கொண்டாடிய கிழவர் அவர். திரும்பி வராத பிள்ளைகளின் ஊரில் இந்தக் காட்சியைக் கண் கலங்காமல் வாசிப்பது கடினம்.

பிறகு பாண்டி நாட்டுக்கும் நடந்து இராமேசுவரத்தைப் பாடினார். மன்னாருக்கு எதிர்க்கரை அது. சம்பந்தர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார். சுந்தரர் கேதீச்சரத்தைப் பாடினார். அப்பர் எங்கள் தலங்களுக்கென்று பாடிய தனிப்பதிகம் இல்லை. இரண்டு கரை வரை வந்து, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவராகவே அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிக் காலம் திருப்புகலூரில். அங்கேயும் உழவாரம்தான். வீதியில் புல் செதுக்கும்போது பொன்னும் மணியும் கல்லோடு கல்லாகக் கிடந்தன. பருக்கைக் கல்லையும் பொன்னையும் வேறு பிரிக்காமல் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 81 வயது வரை வாழ்ந்து, சித்திரை மாதத்துச் சதய நாளில் மறைந்தார் என்பது மரபு. எங்கள் கோயில்களில் குருபூசை அந்த நாளில்தான் நடக்கிறது.

கீரிமலையில்

அம்மம்மா கதிர்காமத்தை அடையவில்லை. முல்லைத்தீவைக் கடந்து, திருகோணமலையைக் கடந்து, வெருகல் வரை நடந்தார். அங்கே வலது காலில் இருந்த கொப்புளம் புண்ணாகிவிட்டது. சீனி வருத்தக்காரருக்குக் காற்புண் வந்தால் என்ன ஆகும் என்று கூட வந்த சாமிமாருக்குத் தெரியும். அவர்களே பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். நான் போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அதற்கடுத்த வருடம் கொரோனா. பிறகு வீட்டு முற்றத்தைத் தாண்டி நடக்கக் கால் இடம் கொடுக்கவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட உட்கார்ந்தார்கள். செய்தி எழுதுவதற்காக நான் பலமுறை அங்கே போயிருக்கிறேன். மரணச் சான்றிதழ் எடுங்கள், இழப்பீடு வாங்குங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று அவர்களுக்குப் பரிவோடு புத்தி சொன்னவர்கள் பலர். காண வந்ததைக் காணாமல் எழும்ப மாட்டோம் என்று அவர்கள் மறுத்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்துவிட்டார்கள். அப்பருக்குக் கேட்ட குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. புராணத்துக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அப்பர் கயிலைக் காட்சி கண்ட நாளாகத் திருவையாற்றில் ஆடி அமாவாசையைக் கொண்டாடுகிறார்கள். அதே ஆடி அமாவாசையில் நாங்கள் கீரிமலைக்குப் போகிறோம், இறந்துபோன தகப்பன்மாருக்குக் கடன் கழிக்க. அம்மப்பாவுக்கு அதைச் செய்யவேண்டியவர் மாமா. அவர் இல்லாததால் என் தம்பி செய்கிறான். அம்மம்மா படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிண்டம் வைத்து முடியும்போது, இன்னும் வேறு யாருடைய பெயராவது சொல்லவேண்டுமா என்று ஐயர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். தம்பி திரும்பி அம்மம்மாவைப் பார்ப்பான்.

அவர் இல்லை என்று தலையாட்டுவார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அந்தக் காலோடு மெதுவாகப் படியேறத் தொடங்குவார்.